மூன்று கோடு

மஞ்சள் ஜாக்கெட் இன்னும் வரவில்லை. பச்சை வருகிறது, சிவப்பு வருகிறது, ஹெல்மெட்டில் முயல் காது ஒட்டிய ஒரு வாண்டு வருகிறது, அதன் பின்னாலேயே குனிந்தபடி அதன் அம்மா வருகிறாள், மஞ்சள் மட்டும் இல்லை. கண்ணாடிச் சுவர் முழுக்க வெள்ளை. மேலே லிஃப்ட் நாற்காலிகள் மூடுபனிக்குள் போகின்றன, ஆட்களோடு போய்க் காலியாகத் திரும்பி வருகின்றன. ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் காலியாகத் திரும்புகிற எதையும் என்னால் நல்லபடியாக நினைத்துக்கொள்ள முடியாது. ஆதிரை என் இடது கையில் தூங்குகிறாள். எட்டு மாதப் பிள்ளைக்குத் தூக்கத்தில் மட்டும் எங்கிருந்து இத்தனை கனம் வருகிறதோ, முழங்கைக்குக் கீழே கை இருப்பதே தெரியவில்லை, மாற்றினால் எழுந்துவிடுவாள், எழுந்தால் அழுவாள், அழுதால் இந்த ஹாலில் உள்ள அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஈரக் காலுறை வாடையும் உருளைக்கிழங்கு பொரிக்கிற வாடையும் ஒன்றாக வருகிறது. இதற்குப் பெயர் லாட்ஜ். காலையில் அம்மாவிடம் போனில் சொன்னேன், அவங்க எல்லாம் மலைக்குப் போறாங்க, நானும் பிள்ளையும் லாட்ஜுல இருப்போம்னு. "லாட்ஜுலயா? கைப்பிள்ளைய வச்சிக்கிட்டு லாட்ஜுல உனக்கு என்னட்டி சோலி? மாப்பிள்ளை எங்க?" அம்மாவுக்கு லாட்ஜ் என்றால் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பச்சை பெயின்ட் அடித்த மாடிப்படியும், கீழே பெஞ்சில் பேப்பர் படிக்கிற ஆட்களும். இது அந்த லாட்ஜ் இல்லம்மா, பனியில சறுக்கி ஸ்கீ பண்ண வர்றவங்க பூட்ஸ் மாட்டுற ஹால், எல்லாரும் இருப்பாங்க, காபி கிடைக்கும். "மாப்பிள்ளைக்கு அதெல்லாம் தெரியுமா?" இன்னைக்குத்தான் கத்துக்கிடுதாங்க. அம்மா, "எத்தனை மணிக்கு இறக்கி விடுவான்?" என்றாள், பஸ்ஸைக் கேட்பது மாதிரி. நாலு மணிக்கு என்று சொன்னேன். நாலு மணிக்கு லிஃப்ட் நிற்கும். இப்போது இரண்டு ஐம்பது. அவருடைய போன் என் பைக்குள் இருக்கிறது. விழுந்தால் கண்ணாடி உடைந்துவிடும் என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார், போனை மட்டும் அவ்வளவு ஜாக்கிரதையாக.

ஹேமா அக்கா கால் மணி நேரம் முன்னால் இங்கே நின்றாள், இதே தூணுக்குப் பக்கத்தில், மூக்கு சிவந்து, முட்டி வரைக்கும் பனி ஒட்டி. பொள்ளாச்சிக்காரி, கோபி அண்ணனின் மனைவி, கோபி அண்ணன் என் கணவரோடு ஒரே ஆபீஸ், இந்தச் சனி ஞாயிறுப் பயணத்துக்கு நான்கு குடும்பத்தைக் கிளப்பியது கோபி அண்ணன்தான். "ஏங் கண்ணு, இன்னும் அதே பெஞ்சுலயா? வேர் விட்டிரப் போவுது." நான் சிரித்தேன். அக்கா உட்காரவில்லை, அந்த பூட்ஸோடு உட்கார்ந்தால் எழுந்திருப்பது தனி வேலையாம். "நாலு தடவ உளுந்தேன். நாலு தடவையும் ஸ்கீ கழண்டு அது பாட்டுக்குப் போவுது, நாம் பாட்டுக்குக் கெடக்கறேன். என்ற வீட்டுக்காரர் அதப் போயி எடுத்துட்டு வர்றதுக்குள்ள அவருக்கு மூச்சு வாங்குது." கழண்டு கழண்டு போனா பயமா இருக்காதா அக்கா என்று கேட்டேன். சும்மா, பேச்சுக்குத்தான் கேட்டேன். "கழலலீன்னாத்தான் பயம் கண்ணு. ஸ்கீ ஒரு பக்கம் போவும், முட்டி ஒரு பக்கம் போவும். அதுக்குத்தான ஃபாரத்துல டைப்புன்னு கேக்கறாங்க. ஒண்ணுன்னா நம்மள மாதிரி பயந்தாங்கொள்ளி, லேசா வெச்சுக் குடுப்பாங்க, தொட்டாக் கழண்டுக்கும். மூணுன்னா பறக்கறவங்க, இறுக்கி வெச்சிருவாங்க, லேசுல விடாது. என்ற வீட்டுக்காரரே மூணு வருசமா வர்றாரு, இன்னும் ரெண்டுதான் போடறாரு. நீ சரவணனுக்கு ஒண்ணுதான போட்ட?" ஆமாக்கா என்றேன். என் வாய் அதுவாகச் சொன்னது. கேள்வி முடிவதற்கு முன்பே பதில் தயாராக இருந்தது, வகுப்பில் கை தூக்குவது மாதிரி. அக்கா ஒரு தண்ணீர் பாட்டிலைக் குடித்துக் காலி செய்துவிட்டு, "கான்வென்ட்டுப் புள்ள, ஃபாரமெல்லாம் கரெக்டாத்தான் போட்டிருப்ப," என்று என் தோளில் தட்டிவிட்டு, இரும்பு வாளியைக் காலில் மாட்டிக்கொண்டவள் மாதிரி டக் டக் என்று கதவைத் தாண்டிப் போய்விட்டாள். அந்தக் கதவு திறந்தபோது வந்த குளிர் இன்னும் என் கழுத்தில் இருக்கிறது.

நான் மூன்று போட்டேன். காலையில் எட்டே கால் மணி, வாடகைக்கு ஸ்கீ கொடுக்கிற கவுன்ட்டரில் கூட்டம். மற்றவர்கள் எல்லாம் ஒரு வாரம் முன்பே போனிலேயே விவரம் கொடுத்துவிட்டார்கள், நாங்கள்தான் கடைசி நிமிடம், ஏனென்றால் நான்தான் வரலாமா வேண்டாமா என்று வியாழக்கிழமை வரை இழுத்தேன். ஆகவே எங்களுக்கு மட்டும் காகித ஃபாரம். அவர் பெஞ்சில் குனிந்து பூட்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், அங்கிருந்தே, "நீ எழுது மதி, உன் கையெழுத்துதான் அச்சு மாதிரி இருக்கும்," என்றார். ஆதிரை என் மார்பில் கட்டின பைக்குள் உதைத்துக்கொண்டிருந்தாள். பெயர், சரவணப்பெருமாள், கட்டம் போதவில்லை, ஆபீஸில் அழைக்கிற மாதிரி சாரா என்று எழுதினேன். எடை எழுபத்தெட்டு கிலோ, அவர்கள் பவுண்டில் கேட்டார்கள், மூன்று தடவை பெருக்கிப் பார்த்து நூற்று எழுபத்திரண்டு என்று எழுதினேன். உயரத்தை அங்குலத்தோடு எழுதினேன். அப்புறம் டைப் என்று ஒரு சின்னக் கட்டம், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு, ரோமன் எண். விளக்கம் பின்பக்கம் என்று போட்டிருந்தது. நான் பின்பக்கம் பார்க்காதவளா? மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிற காகிதத்தை முழுக்க வாசிக்கிறவள், வீட்டு வாடகை ஒப்பந்தம் முப்பத்தெட்டுப் பக்கத்தையும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவள். ஆனால் இதைப் பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. ஒன்று என்றால் முதல். முதல் ரேங்க், முதல் வகுப்புப் பெட்டி, முதல் தரம். கற்றுக்கொள்ள வந்திருக்கிற ஆள் கடைசிதானே, மூன்றுதானே. இன்னும் சொன்னால் பேனாவை வைக்கும்போது மனசுக்குக் கொஞ்சம் உறுத்தக்கூடச் செய்தது, பாவம், அவரைத் தேர்ட் கிளாஸ் என்று எழுதுகிறோமே என்று. மூன்று கோடு போட்டேன், ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில். கவுன்ட்டரில் இருந்த தாடிக்காரர் ஃபாரத்தை வாங்கி, "சாரா?" என்று என்னைப் பார்த்தார், நான் பெஞ்சில் இருந்தவரைக் காட்டினேன், இங்கே அது பெண் பெயர், தாடிக்குள் சிரித்துக்கொண்டார். பிறகு, "டைப் மூன்றா?" என்று ஒரு தடவை கேட்டார். கேட்டார். அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது, அவர் கேட்டார். நான் தெளிவாக, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லிக்கொடுத்த குரலில், யெஸ், த்ரீ, டெஃபனட்லி என்றேன். அந்த இங்கிலீஷை நம்பித்தான் அவர் திருகாணியைத் திருகினார்.

மூன்று ஐந்து. மஞ்சள் இல்லை. ஒரு மஞ்சள், ஆனால் அது ஒரு பெண். போன வாரம் வரைக்கும் அவர் சொல்லிக்கொண்டிருந்தது, "திங்கட்கிழமை எல்லாரும் மலையைப் பத்தித்தான் பேசுதாங்க மதி, நான் மட்டும் நடுவுல ஃபிரிட்ஜ் மாதிரி நிக்கேன்." அந்த ஃபிரிட்ஜ்தான் என்னை வரவைத்தது. ஆதிரை பிறந்ததிலிருந்து அவர் எங்கேயும் போகவில்லை, ஆபீஸ், வீடு, டயபர், ஆபீஸ். அக்காவிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். அக்கா, நான் மூணு போட்டுட்டேன், மேலே பாத்தா நிறுத்துங்க. ஏழு சொல். அக்கா சிரித்திருப்பாள், அவ்வளவுதான், சிரித்துக்கொண்டே போய் நிறுத்தியிருப்பாள். அந்தச் சிரிப்பையா நான் பார்க்கக்கூடாது என்று இருந்தேன்? ஒரு முட்டியை விடவா? இல்லை, அப்படி எடை போட்டுப் பார்க்க நேரமே இருக்கவில்லை. இது எனக்குப் பழக்கமான இடம். ஏழாம் வகுப்பு, நான் கிளாஸ் லீடர், சிஸ்டர் ஃபெலிசியா வெளியே போகும்போது பேசுகிறவர்கள் பெயரை போர்டின் வலது ஓரத்தில் எழுத வேண்டியது என் வேலை. எங்கள் வகுப்பில் இரண்டு ஜெயராணி. எஸ். ஜெயராணி பேசுவாள், பேச்சை நிறுத்தினால் மூச்சு நின்றுவிடும் என்பது மாதிரிப் பேசுவாள். ஏ. ஜெயராணி பேசவே மாட்டாள். அன்றைக்கு நான் ஜெயராணி என்று மட்டும் எழுதினேன், முன்னால் இனிஷியல் போடுவதற்குள் சிஸ்டரின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டுவிட்டது, சாக்பீஸை வைத்துவிட்டு ஓடி உட்கார்ந்தேன். ஜெயராணி, எழுந்திரு என்றார் சிஸ்டர். எழுந்தது ஏ. ஜெயராணி. பேசுகிறவள் எழுந்திருக்கமாட்டாள், அவளுக்கு எப்போது எழுந்திருக்கக் கூடாது என்று தெரியும். வராந்தா ஓரத்து வெயிலில் முட்டி போடச் சொன்னார், இரண்டு பீரியட். சிஸ்டர் நடுவில் ஒரு தடவை என்னிடம் கேட்டார், காந்திமதி, ஆர் யூ ஷ்யூர்? யெஸ் சிஸ்டர். மணி அடித்து உள்ளே வந்தபோது அவள் முட்டி இரண்டிலும் பொடிக்கல் பதிந்து சின்னச் சின்னக் குழி. என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் மறந்திருப்பேன். ஒருவேளை நான்தான் பேசினேனோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது மாதிரிப் பார்த்தாள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை கிறிஸ்தவப் பிள்ளைகள் எல்லாம் வரிசையாகப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவார்கள், செய்த தப்பைப் பெட்டிக்குள் இருக்கிற சாமியாரிடம் சொல்லிவிட்டு வர, போகும்போது ஒரு முகம், வரும்போது ஒரு முகம். நாங்கள் லைப்ரரியில் உட்கார்ந்து நீதிபோதனைப் புத்தகத்தில் கோடிட்ட இடத்தை நிரப்புவோம். இறக்கி வைக்க எனக்கு ஒரு பெட்டி இல்லை, அதனால் அந்த யெஸ் சிஸ்டர் என்னோடேயே வளர்ந்தது, கல்யாணம் கட்டிக்கொண்டது, விமானம் ஏறியது, இன்றைக்குக் காலையில் டெஃபனட்லி என்றது.

சிவப்பு ஜாக்கெட் போட்ட இரண்டு பேர் ஒரு நீளத் தொட்டி மாதிரியான சறுக்கு வண்டியை மலையிலிருந்து இழுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். மெதுவாக, மிக மெதுவாக. வண்டியில் யாரையோ படுக்கவைத்துக் கட்டியிருக்கிறது. மஞ்சள். மேலே மூடியிருப்பது மஞ்சள். என் காதுக்குள் ஹாலின் சத்தம் எல்லாம் அடங்கிப்போகிறது, பொரிக்கிற எண்ணெய் சத்தம் மட்டும் கேட்கிறது, எண்ணெய்ச் சட்டி அத்தனை தூரத்தில் இருக்கிறது, அது எப்படிக் கேட்கிறது. முருகா என்று ஆரம்பித்து, பாதியில் பள்ளிக்கூடத்துக் காவல் தேவதை ஜெபத்துக்குப் போய், அதில் அடுத்த வரி மறந்து, திரும்ப முருகா. வண்டி கண்ணாடிக்கு நேரே வந்தது. மஞ்சள் ஒரு தார்ப்பாய். உள்ளே வெள்ளை முடியோடு ஒரு வயதான பெண்மணி, கையை வெளியே எடுத்து வழியில் நிற்கிற யாருக்கோ டாட்டா காட்டுகிறார், ஊர்வலத்தில் போகிறவர் மாதிரி. எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும், அவர் இல்லை என்று ஒரு சந்தோஷம் வந்ததும், அந்த அம்மாவுக்கும் ஒரு கால் உண்டு என்று தோன்றியதும் எல்லாம் ஒன்றாக. நாலு மணி வரைக்கும் இப்படியே இருக்கலாம். ஒன்றும் ஆகாமல் வந்துவிடுவார், முக்கால்வாசி அப்படித்தான் நடக்கும், யாருக்கும் தெரிய வேண்டாம், நாளைக்குக் காலையில் கவுன்ட்டரில் நானே போய் மெதுவாக மாற்றிவிடலாம். இந்த யோசனை எவ்வளவு நல்ல யோசனையாக இருக்கிறது, எவ்வளவு சூடாக, கம்பளிக்குள் கால் நீட்டுகிற மாதிரி. ஏ. ஜெயராணிக்கும் இரண்டு பீரியடில் மணி அடித்துவிட்டது, அவ்வளவுதானே. ஆதிரை தூக்கத்தில் உதட்டைச் சப்புக்கொட்டினாள். நான் எழுந்தேன். எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டேன் என்று தெரிந்தது.

வெளியே போக எனக்குப் பயம். அதையும் சொல்லிவிட வேண்டும். போன வருடம் ஜனவரி, ஆதிரை வயிற்றில், அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பனி உறைந்து கண்ணாடி மாதிரி இருந்ததைப் பார்க்காமல் காலை வைத்தேன். விழுந்தது ஞாபகம் இல்லை, வானம்தான் ஞாபகம், எதற்கு இவ்வளவு நேராக வானம் தெரிகிறது என்று. ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கவைத்தார், குதிரை ஓடுகிற மாதிரி. அன்றிலிருந்து பனி கிடக்கிற நாளில் அவர் வந்து கையைப் பிடித்துக்கொள்ளாமல் நான் வாசலைத் தாண்டியதில்லை. இப்போது பிள்ளையை மார்போடு கட்டி, அதற்கு மேல் என் பெரிய கோட்டை மாட்டி, பொத்தான் போடாமல் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கதவை முதுகால் தள்ளினேன். குளிர் பல்லில் பட்டது. பாதையில் மணல் தூவியிருந்தார்கள், நம்மூர் மணல் மாதிரியே இருந்தது, அதைப் பார்த்து நடந்தேன். ஒரு கால். அடுத்த கால். தட்டையாக, கோலத்தை மிதிக்காமல் நடக்கிற மாதிரி. லிஃப்ட் அடிவாரம் நூறு அடி இருக்கும், அங்கே ஒரு பெண் மண்வெட்டியோடு பனியைச் சமன் செய்துகொண்டிருந்தாள், இருபது வயது இருக்கும், தோளில் வயர்லெஸ். அவளிடம் சொன்னேன். என் கணவர் மேலே இருக்கிறார், இன்றைக்குத்தான் முதல் நாள், அவருடைய ஸ்கீயின் பிடி தப்பாக இறுக்கப்பட்டிருக்கிறது, விழுந்தால் கழலாது. தப்பாக இறுக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னது காதில் விழுந்தது. யாரோ இறுக்கினது மாதிரி. அவள், கடையில் தப்புப் பண்ணிவிட்டார்களா என்று கேட்டாள். இல்லை. நான். ஃபாரத்தில் நான் தப்பாக எழுதிவிட்டேன். சொன்னதும் ஒன்றும் நடக்கவில்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டு வயர்லெஸ்ஸை எடுத்தாள், அவ்வளவுதான். பேர் என்ன? சாரா. "உங்க கணவர்னுதானே சொன்னீங்க?" ஆமாம், கணவர்தான், சாரா. மஞ்சள் ஜாக்கெட், இரவல் ஜாக்கெட், கோபி அண்ணனுடைய பழைய ஜாக்கெட் என்பதைக்கூடச் சொன்னேன், வாய் திறந்த பிறகு எதை நிறுத்துவது என்று தெரியவில்லை. வயர்லெஸ்ஸில் மேலேயிருந்து ஒரு குரல் கரகரத்தது, அவள் எனக்குச் சொன்னாள், இப்போதுதான் ஒரு மஞ்சள் ஜாக்கெட் கிளம்பிப் போயிற்றாம், கடைசி இறக்கம், இங்கேதான் வருவார், நில்லுங்கள்.

நின்றேன். மூடுபனிக்குள்ளிருந்து முதலில் ஹேமா அக்கா வந்தாள், அவளுக்குப் பின்னால் கோபி அண்ணன், அதற்கும் பின்னால், வெகு பின்னால், இரண்டு காலையும் முன்னால் கூட்டிக் குதிகாலை அகற்றி, ஏதோ அடக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி ஒரு மஞ்சள். அவர்தான். என்னைப் பார்த்துவிட்டார். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். தூக்கியிருக்கக் கூடாது. இடது ஸ்கீ நேராக வந்தது, வலது ஸ்கீ இந்தப் பக்கம் திரும்பியது, அதற்கு மேலே உடம்பு அந்தப் பக்கம் போனது, நடுவில் முட்டி. கழலவில்லை. நான் பார்த்தேன், காலும் ஸ்கீயும் ஒன்றாக, ஒரே மரத்தில் செய்தது மாதிரி, கழலாமல் திரும்பித் திரும்பி, பனியில் கிடந்தார். நான் கத்தவில்லை. ஆதிரைதான் கத்தினாள், அவளை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன். பனிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம். குச்சியை ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, எழுந்து நின்றுவிட்டார், மீசையெல்லாம் பனி. "ஏட்டி! வெளிய வந்துட்டியா! பாத்தியா நான் வந்ததை?" வெளியாட்கள் முன்னால் மதி என்பார், ரொம்பச் சந்தோஷமாக இருந்தால்தான் ஏட்டி வரும். "இதோட ஏழு தடவை விழுந்தாச்சு. ஒரு தடவை கூட கழலலை, தெரியுமா! கோபி அண்ணனுக்கே ரெண்டு தடவை கழண்டுட்டு." கோபி அண்ணன், "மாப்ள கம்மு போட்டு ஒட்டிட்டு வந்துட்டான் தங்கச்சி. என்னமோ பேலன்ஸ் இருக்குது அவனுக்கு," என்றார். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஃபிரிட்ஜ் இல்லை இது. திங்கட்கிழமைக்கு ஒரு கதை கிடைத்துவிட்ட முகம். ஏழு தடவை, ஒரு தடவை கூடக் கழலவில்லை. நாளைக்கும் இருக்கிறது, நாளைக்கு அதற்கும் மேலே போவார்.

"நான் தப்பா எழுதிட்டேன்," என்றேன். என்ன என்றார். "ஃபாரத்துல. டைப்புன்னு கேட்டாங்கல்லா, மூணு போட்டுட்டேன். மூணுன்னா கடைசின்னு நெனச்சேன். மூணுன்னா நல்லா வர்றவங்களாம், இறுக்கி வச்சிருவாங்களாம். அதான் கழலலை." ஹேமா அக்கா கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினாள். "ஒண்ணுன்னுதான கண்ணு சொன்ன?" பொய் சொன்னேன் அக்கா. அவள் என்னையே பார்த்தாள், பிறகு, பொள்ளாச்சியில் என்ன செய்வார்களோ அதைச் செய்தாள், ஆதிரையின் குல்லாயை இழுத்துக் காதை மூடிவிட்டாள். கோபி அண்ணனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "அடப் பாவமே. ஸ்கூல்ல ஃபர்ஸ்ட் ரேங்க்கு வாங்கினா இதான் தொந்தரவு, ஒண்ணுன்னா உச்சின்னு நெனச்சுக்குவாங்க." இவர் சிரிக்கவில்லை. குனிந்து ஸ்கீயைப் பார்த்தார். ஏழு தடவையும் ஒவ்வொன்றாக அவர் முகத்திலிருந்து இறங்கிப் போவது எனக்குத் தெரிந்தது, நான்தான் இறக்கினேன், அதைப் பார்க்காமல் இருக்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். திட்டுவார் என்று இருந்தேன். அவர் குச்சியால் பனியைக் குத்திக்கொண்டு, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வலது முட்டி," என்றார். "ரெண்டாவது தடவை விழுந்ததுலயே சுரீர்னு ஒண்ணு பிடிச்சிட்டு. சொன்னா நாளைக்கு நீ விட மாட்டேன்னு..." முடிக்கவில்லை. ஏழில் ஐந்து தடவை அந்த முட்டியோடுதான் விழுந்திருக்கிறார். அவரும் ஒன்றை வைத்துக்கொண்டுதான் கையைத் தூக்கியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, நல்ல கோபம், வீட்டில் வருகிற கோபம். "நாளைக்குப் போலாமான்னு என்ட்ட கேக்காதிய, முட்டிட்ட கேளுங்க," என்றேன்.

இதை எழுதும்போது அந்த முட்டி என் பக்கத்தில் இருக்கிறது, கீழே தலையணை, மேலே ஜிப் பையில் அள்ளி வந்த பனி, வீங்கியிருக்கிறது, ஆனால் மடங்குகிறது. முதலுதவி அறையில் பார்த்தவர் தசைதான், நல்ல வேளை என்றார். பிள்ளை, அவர், பனி மூன்றும் தூங்குகின்றன. பனி மட்டும் உருகிக்கொண்டே தூங்குகிறது. நான் சொல்ல வந்தது இதையில்லை, கவுன்ட்டரை. முதலுதவி அறையிலிருந்து நேரே அங்கே போனோம், அவர் ஒரு கையை என் தோளில் போட்டு நொண்டிக்கொண்டு, வழக்கமாகப் பனியில் என்னைப் பிடித்துக்கொள்கிறவர். தாடிக்காரர் என் பேச்சைக் கேட்டார், குறுக்கே பேசவில்லை, ஸ்கீயைக் கவிழ்த்துத் திருகாணியைத் திருப்பினார். சின்னக் கண்ணாடித் துவாரத்துக்குள் எட்டு என்று இருந்தது ஏழானது, ஆறானது, ஐந்தரையில் நின்றது. முட்டி நன்றாக இருந்தால் மட்டும் நாளைக்கு என்றார். பிறகு காலையில் நான் எழுதிய ஃபாரத்தைத் தேடி எடுத்து விரித்தார். என் மூன்று கோடு அப்படியே இருந்தது, ஒரே உயரம், ஒரே இடைவெளி, எவ்வளவு அழகான எழுத்து. அவர் பேனாவால் இரண்டு கோட்டை அடித்தார். ஒரு கோடு நின்றது. அடித்த இடத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்து, எழுதினவர் இங்கே இனிஷியல் போட வேண்டும் என்றார். இவர் என்னைப் பார்த்து, "நீதானே எழுதின, நீயே போடு," என்று பேனாவை என் பக்கம் தள்ளினார். இந்த ஊரில் இனிஷியல் என்றால் முழுப் பெயரின் முதலெழுத்துகள் எல்லாம் என்று தெரியும், நாலு வருடத்தில் எத்தனையோ இடத்தில் போட்டிருக்கிறேன். இருந்தாலும் கை வேறொன்றுக்குப் போனது, நோட்டு அட்டையிலும் டிபன் பாக்ஸ் மூடியிலும் என் பெயருக்கு முன்னால் இருந்த அப்பாவின் எழுத்துக்கு. எது போட்டாலும் போதுமா என்று கேட்டேன், உங்களை அடையாளம் தெரிந்தால் போதும் என்றார். போட்டேன். ஒரு எழுத்து, பக்கத்தில் ஒரு புள்ளி. மூன்று வினாடி கூட ஆகவில்லை.